இழுக்கிற குழாய், தள்ளுகிற குழாய்

“உங்க வண்டிக்கு மூச்சுப் பத்தல. மலைக்கு இனிமே மதுரை லாரியைச் சொல்லிக்கிறேன்” என்று பட்டறை முதலாளி என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, நான் தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு டைல்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஆத்தங்குடியில் எங்களுக்குச் சோறு போட்ட டைல்ஸ் பட்டறை அது. டைல்ஸை நாங்கள் கல் என்போம். ஊறிய கல்லை எடுத்து, வார்த்தபோது அதன் முகத்தில் ஒட்டிய கண்ணாடித் தகட்டை நகர்த்தி, வைக்கோல் வைத்துக் கட்டுவது என் வேலை. அவற்றை எங்கள் சொந்த டீசல் வேனில் ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. முதலாளி அப்படிச் சொன்னதற்கு அவர் சிரித்தார். எனக்கு முதலாளி மேல் வந்த கோபத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல் வந்த கோபம்தான் பெரிது.

முதலாளி சொன்னதில் பொய் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், சிறுமலைக்கு மேலே ஒரு சின்ன மாதா கோயிலுக்குத் தரை போட எங்கள் பட்டறையில் கல் சொல்லியிருந்தார்கள். முதல் லோடு போனபோது, பாதி மலையில் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. இவர் வண்டியை நிறுத்தினார். திரும்ப எடுக்க முடியவில்லை. இஞ்சின் இருமிக்கொண்டே அணைந்தது. பாரத்தோடு வண்டி பின்னால் நழுவியது. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பாதிச் சரக்கை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு, மீதியை மேலே சேர்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் குரங்குகள் வைக்கோலைப் பிரித்து, கற்களை உருட்டி உடைத்திருந்தன. இந்தக் கதை இவருக்கு முன்னாலேயே மலையிறங்கி ஆத்தங்குடிக்கு வந்துவிட்டது.

உடைந்ததற்கு மாற்றுக் கல் மதுரை லாரியில் போயிற்று. பாக்கியிருந்தது பீடத்தைச் சுற்றிப் போடுகிற கல் மட்டும்தான். அந்த லோடும் கைவிட்டுப் போய்விட்டது என்றதும் இவர் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ரெண்டு மூணு நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, “வேனை வித்துரலாம்னு பாக்குறேன். புதுவயல் ரைஸ்மில்லுல லாரிக்கு ஆள் கேக்குறாக” என்றார்.

கல்யாணமான புதிதில் அவர் ஓட்டியது அடுத்தவர் லாரிதான். கிளம்பினால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. விருந்தாளி மாதிரி வந்து, துணி மாற்றிக்கொண்டு, விருந்தாளி மாதிரியே போவார். வேன் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் அந்த டீசல் சத்தம் கேட்கும். அதை விற்றுவிட்டு மறுபடியும் பழைய பிழைப்புக்குப் போவதா? தலைகீழாக நின்றாலும் விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் முதலாளியிடம் நேரே போய், “பீடத்துக் கல்லு எங்க வண்டியிலதான் போகும்” என்றேன்.

“எப்பிடித்தா ஏறும்? போன வாட்டி நின்னு போச்சே?”

“அது எங்க பாடு. கல்லு ஊறிக் காய்ஞ்சு வர்றதுக்குள்ள வண்டியும் சரியாயிரும்.”

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

காரைக்குடியில் என் அண்ணனுக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒர்க்‌ஷாப் என்றால் நாலு தகரம், ஒரு வேப்பமரம், எப்போதும் பாதி பிரித்துக் கிடக்கும் ஏதாவது ஒரு ஜீப்பு. அண்ணனுக்கு வேலை சுத்தம். ஆனால் எதையும் முழுசாகக் கேட்கிற பொறுமை கிடையாது. பாதி கேட்டதும் “புரிஞ்சுபோச்சு” என்று கிளம்பிவிடுவான். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “மாப்ளே, இஞ்சினை மாத்த வேணாம். டர்போ போட்டுருவோம். உங்க வண்டி மலையில பறக்கும்” என்றான்.

“பறக்க வேணாம் மச்சான், ஏறுனாப் போதும்” என்றார் இவர்.

டர்போ என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். புகை வெளியே போகிற வழியில் ஒரு காற்றாடி. புகை அதைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை வாரி இஞ்சினுக்குள் திணிக்கும். உள்ளே காற்றுக் கூடினால் டீசலையும் கூட்டிக் கொடுக்கலாம், வண்டி இழுக்கும். மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில், அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிய டர்போவையும், அதன் வளைவுக் குழாய்களையும், அதோடு சேர்ந்த டீசல் பம்பையும் அண்ணன் எடுத்து வந்தான். அந்தப் பம்பின் தலையில் குல்லா வைத்த மாதிரி ஒரு மூடி இருந்தது. மூடியின் உச்சியில் குழாய் மாட்டுகிற ஒரு சின்ன மூக்கு.

பெரிய வேலைகள் நன்றாகவே நடந்தன. காற்றுக் குழாய் இஞ்சினுக்கு மேலாகக் குறுக்கே போக வேண்டியிருந்தது. அதற்கு இடம் விட, அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய ரப்பர்க் குழாய்களை எல்லாம் அண்ணன் கழற்றிப் போட்டான். திரும்ப மாட்டுகிறபோதுதான் எந்தக் குழாய் எங்கே என்று அவனுக்கே குழம்பிவிட்டது. புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மதுரைக் கடைக்காரருக்குப் போன் போட்டான். திரும்பி வந்தவன் முகத்தில் வெளிச்சம்.

“பூஸ்டு லைனை பம்புல குடுத்துரு, அவ்வளவுதான்னு சொல்லிட்டாரு. புரிஞ்சுபோச்சு!”

ஒரு நாள் வேலையில் எல்லாக் குழாயும் மாட்டி முடிந்தது. சோதனை ஓட்டத்துக்குப் பட்டறையில் கழித்துப் போட்ட உடைசல் கற்களை ஏற்றினோம். புதுவயலில் வீடு கட்டுகிற ஒருவர் பள்ளம் நிரப்பக் கேட்டிருந்தார். நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் பின்னால் கற்கள் மேலேயே உட்கார்ந்து வந்தான்.

ரயில்வே கேட்டில் பிரேக் அடித்தார், வண்டி நின்றது. கேட் திறந்து கிளம்பியதும் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தார். இஞ்சினிலிருந்து மெல்லிய ஒரு விசில் சத்தம் கிளம்பியது. “கொஞ்சம் பரவாயில்லையே” என்றார். அப்புறம் ஒரு மாடு குறுக்கே வந்தது, மறுபடியும் பிரேக். “லேசா இறுகுது” என்றார். புதுசாக மாட்டியது, போகப் போகச் சரியாகும் என்று நான்தான் சொன்னேன்.

புதுவயலை நெருங்கினால் ரோட்டில் பாதி நெல்தான். மில்காரர்கள் அவித்த நெல்லைத் தார் ரோட்டில் பரத்திக் காயப் போட்டிருப்பார்கள். மீதிப் பாதியில்தான் வண்டி போக வேண்டும். அந்த மீதிப் பாதிக்கு மில் கேட்டிலிருந்து ஒரு லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். பெடல் நகரவில்லை. எழுந்து நின்று மிதித்தார். நானும் என் பக்கத்துத் தகரத்தை என் காலால் அழுத்தினேன், அங்கே பெடல் இருப்பது போல. வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங்கை ஒடித்து, ரோட்டோரம் குவித்து வைத்திருந்த நெல் அம்பாரத்துக்குள் விட்டார். நெல் பம்பரை மூடி, கண்ணாடி வரை எழும்பி வந்து, வண்டி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நெல் பரத்திக்கொண்டிருந்த பெண்கள்தான் பலகையும் கையுமாக ஓடி வந்தார்கள். “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? காலைல இருந்து கூட்டிக் குமிச்ச நெல்லுய்யா!” என்று ஒரு அம்மா பிடிபிடி என்று பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர்களோடு சேர்ந்து நெல்லைத் திரும்பக் கூட்டிக் குவித்தோம். நெல் வாருகிற தட்டு இவர் கையிலிருந்து இரண்டு முறை விழுந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக் காரைக்குடிக்குக் கொண்டு வந்தோம். இறங்கியதும் இவர் சொன்ன முதல் வார்த்தை: “கழட்டிப் போடுங்க மச்சான். பழையபடி மாட்டி வித்துருவோம். இதை மலையில கொண்டு போயி இறக்கி விட்டிருந்தா இந்நேரம் எங்க ரெண்டு பேருக்கும் கோயில்ல சாவு மணி அடிச்சிருப்பாக.”

அவர் பயந்தது நியாயம். எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் வேறு மாதிரி வேலை செய்தது. ஏறாத வண்டியை ஏற வைக்க ஒரு வேலை செய்தோம். நிற்கிற வண்டி நிற்காமல் போய்விட்டது. அப்படியானால் அந்த வேலைக்குள்தான் எங்கேயோ தப்பு இருக்கிறது. இருக்கிற தப்பைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை விற்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணே, பிரேக்குக்கு எந்தக் குழாய் போகுதுன்னு காட்டு” என்றேன்.

பெடலுக்கு முன்னால் கறுப்பாக, சட்டி மாதிரி ஒரு உருண்டை இருக்கிறது. எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் அதற்குப் பெயர் பூஸ்டர். டைனமோவின் முதுகில் வேக்கம் பம்பு என்று ஒன்று இருக்கிறது. அது ஒரு குழாய் வழியாகப் பூஸ்டருக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கும். அந்த உறிஞ்சல்தான் டிரைவர் காலுக்குத் துணை. உறிஞ்சல் போனாலும் ஒன்றிரண்டு மிதிக்குச் சேமிப்பு இருக்கும். அதற்கப்புறம் பெடல் கல்லு. அண்ணன் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, மாடும் ரயில்வே கேட்டும் எனக்கு ஞாபகம் வந்தன.

“குழாயைப் பிடுங்கு. வண்டியை ஸ்டார்ட் பண்ணு” என்றேன்.

குழாயின் வாயில் என் கட்டைவிரலை வைத்தேன். விரலை லேசாக இழுத்தது. தொட்டியிலிருந்து கல்லை எடுக்கும்போது கண்ணாடி கல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுமே, அந்த இழுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். இதில் அந்தப் பிடி இல்லை. “ஆக்சிலேட்டரைக் குடு” என்றேன். அண்ணன் இஞ்சினை உறும விட்டான். விரலைப் பிடித்திருந்த இழுப்பு விட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே குழாய் என் விரலின் மேல் ஊதியது.

“அண்ணே, இது உறிஞ்சல. ஊதுது.”

அவன் நம்பவில்லை. தானே வந்து விரலை வைத்துப் பார்த்தான். நான் இஞ்சினை உறும விட்டேன். அவன் முகம் மாறியது.

குழாயைப் பிடித்துக்கொண்டே போனோம். நடுவில் மூன்று வாய் உள்ள ஒரு டி போட்டு, டர்போ காற்றைத் திணிக்கிற இடத்திலிருந்து ஒரு மெல்லிய குழாயைக் கொண்டு வந்து இந்த உறிஞ்சுகிற குழாயோடு அவனே இணைத்திருந்தான். ஒரு பக்கம் பம்பு உறிஞ்ச, இன்னொரு பக்கம் டர்போ ஊத, இரண்டும் ஒரே குழாயில் மல்லுக்கு நின்றிருக்கின்றன. ஆக்சிலேட்டர் மிதி பலமானால் டர்போ ஜெயிக்கும், பிரேக் செத்துவிடும்.

“ஏன்ணே இப்பிடிக் குடுத்த?”

“அவருதானே சொன்னாரு, பூஸ்டு லைனை பம்புல குடுன்னு? பூஸ்டுன்னா பூஸ்டருக்குத்தானே? பூஸ்டருக்கு எந்தப் பம்பு? வேக்கம் பம்பு. சரியாத்தானே வருது?”

கேட்கக் கேட்க எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை. மதுரைக்காரர் பூஸ்டு என்றது டர்போ தள்ளுகிற காற்றை. பம்பு என்றது குல்லா போட்ட டீசல் பம்பை. காற்று வந்து குல்லாவை அழுத்தினால்தான் அது டீசலைக் கூட்டிக் கொடுக்கும். அந்தக் குல்லாவின் மூக்கு எதுவும் மாட்டாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு திறந்து கிடந்தது. மூச்சு விடுகிற ஓட்டை என்று நினைத்ததாக அண்ணன் சொன்னான். ஆக, பிரேக்கும் போயிற்று, இழுவையும் வரவில்லை. “கொஞ்சம் பரவாயில்லை” என்று இவர் சொன்னது வெறும் விசில் சத்தத்துக்குத்தான்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்புறம் கோபம் வந்தது. “இன்னைலேர்ந்து இந்தக் கொட்டகையில பூஸ்டு, பம்புன்னு எவனும் வாயத் திறக்கக் கூடாது. இழுக்குற குழாய், தள்ளுற குழாய். அவ்வளவுதான். பேரு தெரியாட்டி விரலை வச்சுப் பாரு” என்றேன். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “சரித்தா” என்றான். பட்டறையிலிருந்து கொஞ்சம் சாயப்பொடி கொண்டு வந்து எண்ணெயில் குழைத்து, தள்ளுகிற குழாய்க்குச் சிவப்பும், இழுக்கிற குழாய்க்குப் பச்சையும் பூசினேன்.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. டி-யைப் பிடுங்கி எறிந்தோம். சிவப்புக் குழாயை டர்போ பக்கத்திலிருந்து குல்லாவின் மூக்குக்கு, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாகக் கொண்டு போய், இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினோம். தள்ளுகிற குழாய்க்குக் கிளிப் இல்லாவிட்டால் தானே கழன்றுகொள்ளும். பச்சைக் குழாயை இஞ்சினுக்கு மேலே விடாமல், சூடு படாமல், எதிர்ப்பக்கத் தகரத்தை ஒட்டிச் சுற்றி விட்டோம். சிவப்பும் பச்சையும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தாண்டக் கூடாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அண்ணன் அலுத்துக்கொண்டான். அலுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழி நீண்டதால் பழைய குழாய் எட்டவில்லை. அண்ணன் கையில் கிடைத்த தண்ணீர்க் குழாயை மாட்டினான். இஞ்சின் ஓடியதும் அது வளைவில் சப்பிப்போய் ஒட்டிக்கொண்டது. இழுக்கிற குழாய்க்கு உடம்பில் தெம்பு வேண்டும். உள்ளே நூல் வைத்த தடித்த ரப்பர் வேண்டும். காரைக்குடிக் கடைகளில் அந்த அளவில் இல்லை. மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றான் அண்ணன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புதுவயலுக்குப் பஸ் ஏறினார். மில்லில் வேலை கேட்கத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் கிளிப்புகளை இன்னொரு தடவை இறுக்கினேன். இறுக்க இறுக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் போன பிறகு இந்தக் குழாயெல்லாம் யாருக்கு என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தால் வரட்டும், வேலையை அரைகுறையாக விட எனக்குத் தெரியாது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்தார். தோளில் மாலை மாதிரி ஒரு தடித்த கறுப்புக் குழாய். வெள்ளைச் சட்டையெல்லாம் கறை.

“என்னங்க இது? வேலை கேக்கப் போறீகன்னு நெனச்சேன்.”

“கேக்கத்தான் போனேன். மில்லு வாசல்ல ஒரு லாரியப் பிரிச்சுப் போட்டிருந்தாங்கெ. இந்தக் குழாய் கீழ கெடந்துச்சு. இதுல விரலை வச்சா எப்பிடி இருக்கும்னு யோசிச்சேன்.” குழாயைத் தோளிலிருந்து இறக்கினார். “கேட்டு வாங்கிட்டேன். அப்பறம் மில்லுக்குள்ள போகல.”

அண்ணன் குழாயை வாங்கி அமுக்கிப் பார்த்து, “மாப்ளே, இதைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்” என்றான். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பச்சைக் குழாய் மாட்டி முடிந்ததும் விரலை முதலில் அவரையே வைக்கச் சொன்னேன். இஞ்சினை உறும விட்டோம். குழாய் அவர் விரலை விடவே இல்லை. பிடுங்கி எடுத்தபோது விரல் நுனியில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம். அதைத் தேய்த்துக்கொண்டே, “ம்” என்றார். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் நான் அத்தனை மல்லுக்கட்டியிருக்கிறேன் என்று அப்போது தோன்றியது.

பீடத்துக் கல் காய்ந்து வந்தது. நானே ஒவ்வொன்றாக வைக்கோல் வைத்துக் கட்டினேன். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தார், மதுரை லாரிப் பேச்சை எடுக்கவில்லை. விடிந்ததும் கிளம்பினோம். “நீ எதுக்கு?” என்று இவர் கேட்டார். “நான் கட்டுன கல்லு, நான்தான் இறக்குவேன்” என்றேன். அது பாதி உண்மை.

மலையில், போன முறை நின்ற அதே வளைவுக்கு முன்னால் எதிரே பஸ் வந்தது. நிறுத்தினார். வண்டி நின்றது. பஸ் போனதும் கிளட்சை விட்டு மிதித்தார். விசில் கேட்டது, முதுகை யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருந்தது, ஏறியது. வளைவில் உட்கார்ந்திருந்த குரங்குகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. “ஒண்ணும் கெடையாது, போங்க” என்று நான் கையை விரித்துக் காட்டினேன். இவர் சிரித்தார். பட்டறையில் சிரித்த சிரிப்பு இல்லை இது.

மேலே கல்லை இறக்கிக் கொடுத்தோம். ஒன்றுகூட உடையவில்லை. ஏறியதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம்தான், ஆனால் இறங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இறக்கத்தில் முதல் வளைவு. மிதித்தார், அடங்கியது. இரண்டாவது வளைவு. அடங்கியது. அடுத்தது மூன்றாவது மிதி, புதுவயலில் பெடல் நகராமல் போன மிதி என்று இருவருக்கும் தெரியும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. மிதித்தார். பெடல் மெத்தென்று உள்ளே போனது. வண்டி தணிந்து, வளைவைச் சுற்றி, நேராகியது. அதற்கடுத்த வளைவிலும் அப்படியே. இவர் என் பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“காலை எடு புள்ள. என் காலு போதும்.”

குனிந்து பார்த்தேன். என் வலது கால் முன்னால் நீண்டு, தகரத்தில் ஊன்றி, முழங்கால் வரை விறைத்து நின்றது. மலை உச்சியிலிருந்து நானும் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். காலை எடுத்துச் சீட்டில் மடித்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டோம்.